மூன்று நாள் கிறீமும் மூன்று மாத ஜெல்லும்

பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று சப்ரகமுவவின் எந்தத் தோட்டப்பக்கத்து டவுனில் விசாரித்தாலும் இந்தக் கதை கிடைக்கும். பரு வந்த பிள்ளை, சிநேகிதி சொன்ன ஒரு கிறீமைப் பாமசியில் வாங்கிப் பூசுகிறாள். மூன்றே நாளில் சிவப்பு அடங்கி, வீக்கம் வற்றி, முகம் பளிச்சென்று ஆகிறது. இரண்டு மாதம் போனதும் பரு முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. கடைசியில் அம்மா ஒருநாள் வேலையை விட்டு, அன்றைய பேரையும் கூலியையும் இழந்து, அவளை இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே எழுதிக்கொடுத்த ஜெல்லைப் பூசினால் முதல் வாரமே முகம் காய்ந்து, எரிந்து, தோல் உரிகிறது. பரு குறைந்தபாடில்லை. "இதுக்கு அந்தக் கடைக் கிறீமே தேவல" என்று லயத்தில் தீர்ப்பாகிவிடுகிறது.

சந்தேகம் நியாயமானதுதான். மூன்று நாளில் குணம் காட்டியது கெட்ட மருந்து, முகத்தை எரியவைத்து மூன்று மாதம் காக்கவைப்பது நல்ல மருந்து என்றால் யார் நம்புவார்கள்? இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு டியூபிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் கலந்திருக்கின்றன. இரண்டுமே கூட்டு மருந்துதான். எதோடு எதைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பரு பிறக்கும் இடம்

நம் தோலில் மயிர் முளைக்கும் ஒவ்வொரு குழியோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. அது சுரக்கும் கொழுப்பைத் தோல்நெய் என்று அழைப்போம். தோல் வறண்டுபோகாமல் காப்பது அதன் வேலை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஹோர்மோன்கள் விழித்ததும் முகம், நெஞ்சு, முதுகுப் பகுதிச் சுரப்பிகள் பெருத்து, தோல்நெய்யைத் தாராளமாகக் கொட்டத் தொடங்குகின்றன.

அதனால் மட்டும் பரு வந்துவிடாது. மயிர்க்குழியின் உட்சுவரிலிருந்து செத்த செல்கள் சாதாரணமாக உதிர்ந்து வெளியேறிவிடும். பரு வரும் தோலில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தோல்நெய்யோடு குழைந்து, குழியின் வாயில் அடைப்பாகின்றன. வாய் மூடியிருந்தால் வெண்முனை; திறந்திருந்தால் கருமுனை. கருமுனையின் கறுப்பு அழுக்கு அல்ல. தோலின் நிறப்பொருளும், காற்றுப் பட்டு மாறிய கொழுப்பும்தான் அந்த நிறம். சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் தேய்த்தாலும் அது போகாது. தேய்த்த இடம் புண்ணாகும், அவ்வளவுதான்.

அடைப்புக்குப் பின்னால் காற்றுப் புகாத, எண்ணெய் நிறைந்த ஓர் அறை உருவாகிறது. எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதன் பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் என்று அழைத்தார்கள். ஒட்சிசன் அதற்கு ஆகாது, தோல்நெய் அதன் சாப்பாடு. அது பெருகும்போது உடலின் பாதுகாப்புப் படை அங்கே திரள்கிறது. நாம் கண்ணாடியில் பார்க்கும் சிவப்பும் வீக்கமும் சீழும் அந்தச் சண்டையின் விளைவு.

இதில் முக்கியமான செய்தி காலக்கணக்கு. இன்று மூக்கின் மேல் தெரியும் பரு இன்று பிறந்தது அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணடைப்பாகப் பல வாரங்களுக்கு முன்பே, சிலவேளை இரண்டு மாதங்களுக்கு முன்பே, அது தொடங்கிவிட்டது. இன்று துப்புரவாகத் தெரியும் கன்னத்திலும் அடுத்த மாதத்துப் பருக்கள் காத்திருக்கின்றன. மூன்று மாதப் பொறுமைக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஏன் இரண்டு மருந்து?

தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்ணும் சருகும் அடைத்த கானில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால், நுளம்புக்கு மட்டும் மருந்தடித்துவிட்டு வரமுடியாது. அடைப்பை எடுக்காதவரை தண்ணீர் தேங்கும், நுளம்பு மறுபடி வரும். அடைப்பை எடுப்பது ஒரு வேலை, பெருகியதைக் கொல்வது இன்னொரு வேலை.

பருவுக்குப் பூசும் மருந்துகளில் அடைப்பை எடுக்கும் வகை ரெட்டினோயிட். வைட்டமின் ஏயின் உறவுக்காரப் பொருள்கள் இவை. உட்சுவரின் செல்கள் ஒட்டாமல் ஒழுங்காக உதிரும்படி செய்கின்றன. அமெரிக்கத் தோல் வைத்தியர் அல்பர்ட் கிளிக்மனும் சகாக்களும் 1969இல் ட்ரெட்டினோயின் என்ற முதல் ரெட்டினோயிட்டைப் பருவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். பரு பற்றிய இன்றைய அறிவில் பாதிக்கு மேல் கிளிக்மன் பெயர் ஒட்டியிருக்கிறது. அதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில், 1974 வரை, ஆண்டுக்கணக்காகச் சோதனைகள் நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். இன்று நாம் பூசும் ஜெல்லின் வரலாற்றில் அவர்கள் தோலும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

பெருகியதைக் கொல்லும் வகையில் பழைய ஆள் பென்சோயில் பெரொக்சைட். 1858இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் பென்ஜமின் பிரோடி இதைத் தயாரித்தார். மாவை வெளுக்கவும் பிளாஸ்டிக் செய்யவும் இது பயன்பட்டது. 1965இல் கனடாவின் வில்லியம் பேஸ் என்ற வைத்தியர் இதைக் கந்தகத்தோடு கலந்து பருவுக்குப் பூசும் கிறீம் ஆக்கினார். அதுவும் ஒரு கூட்டு மருந்துதான். தோலில் பட்டதும் இந்தப் பெரொக்சைட் உடைந்து, தீவிரமான ஒட்சிசன் துணுக்குகளை விடுகிறது. ஒட்சிசனே ஆகாத பாக்டீரியாவின் வீட்டுக்குள் ஒட்சிசனை அனுப்புவது போதுமான தாக்குதல். அது பாக்டீரியாவின் ஏதோ ஒரு பூட்டைக் குறிவைப்பதில்லை, கிடைத்த புரதத்தையெல்லாம் சிதைக்கிறது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தியும் இதை எதிர்த்து நிற்கப் பாக்டீரியா கற்றுக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கு இடமுண்டு.

அன்டிபயோட்டிக்கின் தனிவழி

அன்டிபயோட்டிக்கின் கதை வேறு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் லிங்கோமைசினைத் தந்தது. அதை மாற்றிச் செய்ததுதான் கிளிண்டாமைசின். எரிச்சல் இல்லை, தோல் உரிவதில்லை, பூச இதமாக இருக்கும். வைத்தியர்களும் நோயாளிகளும் விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் இது பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையில் ஒரே ஓர் இடத்தைப் பிடிக்கிறது. பருமுகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் பத்து இலட்சம் பாக்டீரியாக்கள்வரை இருக்கலாம். அவற்றில் ஒன்றிரண்டுக்கு அந்த இடம் தற்செயலாகச் சற்று மாறியிருந்தால் போதும். மற்றவை சாகும், இவை பிழைக்கும், பெருகும். 1970களின் இறுதியிலேயே பருப் பாக்டீரியாவில் மருந்தெதிர்ப்பு பதிவானது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எதிர்ப்புள்ள பாக்டீரியாவின் பங்கு 1978இல் 20 சதவீதமாக இருந்து 1996இல் 62 சதவீதமாக ஏறியிருந்தது.

தீர்வு பழைய ஆளிடமே இருந்தது. கிளிண்டாமைசினோடு பென்சோயில் பெரொக்சைட்டையும் சேர்த்துவிட்டால், முதலாவதிடமிருந்து தப்பிய பாக்டீரியாவை இரண்டாவது கொன்றுவிடும். அதனால் அன்டிபயோட்டிக்கைத் தனியாகப் பூசக் கொடுக்கக்கூடாது என்பது இன்று உலக வழக்கு. நமது பாமசிகளில் தனி கிளிண்டாமைசின் ஜெல் இன்னும் கேட்டதும் கிடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சேராத சோடி

அடைப்பெடுக்கும் ட்ரெட்டினோயினையும் பென்சோயில் பெரொக்சைட்டையும் ஒரே டியூபில் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நெடுங்காலம் போட முடியவில்லை. இரண்டையும் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ட்ரெட்டினோயினில் பாதிக்கு மேல் சிதைந்துவிடுகிறது. ஒரு நாளில் 95 சதவீதம் காலி. இதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பக்கத்திலிருக்கும் மருந்தையே பெரொக்சைட் தின்றுவிடுகிறது.

அதே ஆய்வில் அடபலீன் என்ற புதிய ரெட்டினோயிட்டும் இருந்தது. அது அசையவில்லை. வெளிச்சமும் பெரொக்சைட்டும் சேர்ந்தும் அதைச் சிதைக்க முடியவில்லை. இந்த உறுதிதான் பிறகு வந்த கூட்டு ஜெல்லுக்கு வழி திறந்தது. 0.1 சதவீத அடபலீனும் 2.5 சதவீத பென்சோயில் பெரொக்சைட்டும் கொண்ட ஜெல்லுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. 2023 ஒக்டோபரில் கிளிண்டாமைசினையும் சேர்த்து மூன்று மருந்து ஜெல்லே வந்துவிட்டது.

பெரொக்சைட் ஏன் 2.5 சதவீதம் மட்டும், 10 போட்டால் சீக்கிரம் குணமாகாதா? 1986இலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5ம் 10ம் ஏறத்தாழ ஒன்றுதான். எரிச்சல்தான் 10இல் கூட.

517 பேரின் கணக்கு

கூட்டினால் உண்மையிலேயே கூடுதல் பலன் உண்டா? டயான் திபூட்டோவும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். பருவுள்ள 517 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கூட்டு ஜெல், ஒன்றுக்கு அடபலீன் மட்டும், ஒன்றுக்குப் பென்சோயில் பெரொக்சைட் மட்டும், நான்காவதற்கு மருந்தே இல்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்று பூசியவருக்கும் தெரியாது, முகத்தைப் பார்த்து மதிப்பிட்டவருக்கும் தெரியாது. பன்னிரண்டு வாரம் கழித்து முகம் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ தெளிந்தவர்களை எண்ணினார்கள்.

வெறும் ஜெல் பூசியவர்களில் நூற்றுக்கு 9.9 பேர் தெளிந்திருந்தார்கள். மருந்து இல்லாமலே! பரு தானாகவும் ஏறி இறங்கும். ஒழுங்காக முகம் கழுவுவதற்கும் ஒரு பலன் உண்டு. "எனக்கு இந்த இலைச்சாறு கேட்டது" என்று யாராவது சொன்னால் இந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடபலீன் மட்டும் பூசியவர்களில் 15.5. பெரொக்சைட் மட்டும் என்றால் 15.4. அதாவது வெறும் ஜெல்லைவிட ஒவ்வொரு மருந்தும் ஐந்தரைப் பேரளவில் கூடுதலாகத் தெளியவைத்தது. இரண்டும் தத்தம் வேலையை மட்டும் செய்தால் சேரும்போது பத்தோடு பதினொன்று, இருபத்தொரு பேர் தெளியவேண்டும். கூட்டு ஜெல் பூசியவர்களில் தெளிந்தது 27.5. கூட்டித் தந்ததைவிட அதிகம். அடைப்பு திறந்தால் பெரொக்சைட் ஆழமாக இறங்கும் என்பது இதற்கு நல்ல விளக்கம்.

அதே எண்ணை மறுபக்கம் திருப்பியும் பார்க்கவேண்டும். நல்ல மருந்தை மூன்று மாதம் பூசியும் நூறு பேரில் எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு முகம் முழுதாகத் தெளியவில்லை. அவர்களுக்குப் பருக்கள் பாதியளவு குறைந்திருக்கலாம், மேலும் சில மாதம் தேவைப்படலாம், சிலருக்கு வாயால் உட்கொள்ளும் மருந்து தேவைப்படலாம். பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2021இல் கூட்டு மருந்துகளை முதல் தெரிவாகப் பரிந்துரைத்தபோதும் பன்னிரண்டு வாரம் பூசிய பிறகே மதிப்பிடச் சொன்னது. விளம்பரத்தில் ஏழு நாள் என்று போட்டிருந்தால் அது விளம்பரம்.

லயத்தில் பூசும்போது

மழையும் புழுக்கமும் இரத்தினபுரியின் இயல்பு. வெப்பமும் ஈரமும் பருவை மோசமாக்கும் என்பது இரண்டாம் உலகப்போரில் வெப்பமண்டலத்துக்கு வந்த சிப்பாய்களின் முகத்திலும் முதுகிலும் தெரிந்தது. அதோடு தோட்ட வேலைக்கே உரிய ஒன்று இருக்கிறது. தோலில் ஓரிடம் தொடர்ந்து அழுத்தப்பட்டு உராய்ந்தால் அங்கே பரு கிளம்பும் என்று 1975இல் மில்ஸ் என்ற ஆய்வாளரும் கிளிக்மனும் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது தலைக்கவசத்தின் நாடி வாரை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் நாள் முழுக்க அழுந்தி, அடியில் வியர்வையில் நனைந்த துணியும் இருந்தால் அதே பொறிமுறைதான் நடக்கிறது. துணியைத் தினமும் துவைத்து மாற்றுவதற்கு மருந்துச் செலவில்லை. தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழிவதும் அப்படியே. தலைப்பூச்சுகளால் நெற்றியோரம் வரும் பருவை 1970இலேயே விவரித்துவிட்டார்கள். எண்ணெய் வேண்டாம் என்று எந்த அம்மாவிடமும் சொல்லித் தப்பிக்க முடியாது. நெற்றிக்கு வராமல் வைத்தால் போதும்.

இனி ஜெல். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அடுத்த மாதத்துப் பருக்கள் இன்று கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்தோம். ஆகவே பரு வரும் பகுதி முழுவதற்கும் மெல்லியதாகப் பூசவேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, கண், உதடு, மூக்கோரம் விட்டுப் பூசுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிவும் உரிவும் அந்த நாட்களில்தான் உச்சம், பிறகு தோல் பழகிக்கொள்ளும். வாசனையில்லாத எளிய ஈரப்பூச்சு ஒன்றை மேலே தடவினால் தாங்கலாம். முகம் வீங்கினாலோ தடித்தாலோ அது பழக்கம் அல்ல, ஒவ்வாமை. உடனே நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் அடபலீன் பூசக்கூடாது.

பெரொக்சைட் மாவை வெளுத்த அதே வேகத்தில் துணியையும் வெளுக்கும். பச்சைத் துவாயில் வெள்ளைத் திட்டு விழுந்தால் துவைத்தவரைத் திட்டாதீர்கள். நல்லவேளை, நம் பள்ளிச் சீருடை வெள்ளை. கழுத்துப்பட்டிதான் கவனம்.

பெட்டியில் 25 பாகை வெப்பத்துக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். தகரக் கூரை லயத்தில் நண்பகலில் அது நடக்காத காரியம். ஜன்னலோரத்திலும் அடுப்படியிலும் வைக்காமல், வீட்டில் எப்போதும் குளிர்ந்திருக்கும் தண்ணீர்ப்பானை மூலையில் வையுங்கள். வீண் பத்தியம் அல்ல இது. சூட்டில் பென்சோயில் பெரொக்சைட் சிதைந்தால் பென்சீன் என்ற நஞ்சு சிறிதளவு உண்டாகலாம் என்று 2024இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று எச்சரித்தது. அந்நாட்டு மருந்து நிர்வாகம் 95 பொருள்களைச் சோதித்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. சிலவற்றை மட்டும் திரும்பப் பெற்றார்கள். பயப்படத் தேவையில்லை, காலாவதியான டியூபை வைத்திருக்கவும் தேவையில்லை.

மூன்று நாள் கிறீமின் உள்ளே

இப்போது முதல் டியூபுக்கு வருவோம். மூன்று நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் கிறீமில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீரொயிட். அது உடலின் சண்டையை நிறுத்துகிறது, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிவப்பு மறைகிறது, முகம் வெளுத்ததுபோல் தெரிகிறது. அடைப்பு அப்படியே இருக்கிறது. பாக்டீரியா அப்படியே இருக்கிறது, காவல் இல்லாமல் சௌகரியமாகவும் இருக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிகிறது, சிவந்த நூல்போல் இரத்தக் குழாய்கள் தெரிகின்றன, மீசை தாடியிடத்தில் பெண்களுக்கும் மயிர் வளர்கிறது. நிறுத்தினால் அடக்கிவைத்திருந்தது மொத்தமும் வெடித்துக் கிளம்புகிறது. பயந்துபோய் மறுபடி பூசுகிறார்கள். விடமுடியாத வளையம் அது.

இந்தியாவில் பன்னிரண்டு தோல்நோய்ப் பிரிவுகளில் முகக் கோளாறுக்கு வந்த 2,926 பேரை விசாரித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்துக்கு ஸ்டீரொயிட் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 104 பேர் பூசியது பருவுக்காக. ஸ்டீரொயிட்டால் அவர்களுக்கு அதிகம் வந்த கேடு என்ன தெரியுமா? பரு.

பாதிப் பேருக்கு மேல் பூசியது பலவற்றைக் கலந்த கிறீம். ஸ்டீரொயிட்டோடு ஒரு அன்டிபயோட்டிக், ஒரு பங்கசு மருந்து என்று சகலத்துக்கும் ஒன்றாய்ச் சேர்த்தவை. கூட்டு ஜெல்லில் ஒவ்வொரு மருந்தும் மற்றதன் குறையை அடைக்கிறது. இங்கே ஒன்று மற்றதன் தோல்வியை மறைக்கிறது.

வெள்ளையாக்கும் கிறீம் இன்னொரு வாசல். நம் நிறத்துத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பருவைவிட அந்தக் கறுப்புக்குத்தான் பிள்ளைகள் அதிகம் அழுகிறார்கள். அதற்காக வாங்கும் பெயர் தெரியாத கிறீம்கள் சிலவற்றில் பாதரசமே இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படிப்பட்ட கிறீம்களை ஒழிக்க இலங்கை, ஜமைக்கா, காபோன் ஆகிய மூன்று நாடுகளில் ஐ.நா. சுற்றாடல் அமைப்பு 2023 பெப்ரவரியில் 140 இலட்சம் டொலர் திட்டமொன்றைத் தொடங்கியது. மூன்றில் ஒன்றாக நம் நாட்டைச் சேர்த்திருப்பதே நிலைமையைச் சொல்கிறது. தழும்புக்கும் அந்த மூன்று மாத ஜெல்தான் வழி. புதிய பரு வராவிட்டால் புதிய கறுப்பும் வராது. பழையது அடபலீனாலும், வெயிலை மறைப்பதாலும் மெல்ல மங்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் மேசையில் இருக்கும் டியூபை இன்றே எடுத்துப் பின்பக்கத்துச் சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் பாமசியில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், புளூவோசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீரொயிட். உள்ளே என்ன என்று எதுவுமே அச்சிடாத டப்பா என்றால் இன்னும் மோசம். மாதக்கணக்காகப் பூசியிருந்தால் ஒரேயடியாக நீங்களே நிறுத்தாதீர்கள்; எப்படிக் குறைப்பது என்று வைத்தியர் சொல்லவேண்டும். இரத்தினபுரி, கேகாலை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல்நோய் கிளினிக்குக்குக் காசு இல்லை. போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், வெட்கப்பட்டு எதையும் ஒளிக்கவேண்டாம். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்து எதைப் பூசுவது என்று அவரால் எழுத முடியும்.